பலாப்பழம் இருக்கட்டும், டீயைச் சொல்லுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தில் நான்கு வருடமாகக் கவுன்சலிங் பார்க்கிறேன். சிகிச்சைக்கு வந்தவர்களைக் கடைவீதியில் கண்டால் பேசுவதா, தெரியாத மாதிரி போவதா என்று எப்போதும் சங்கடம். போன மாதம் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் என் மாமியார் முன்னாலேயே, "என் குடிய நிறுத்துனதே இந்த மேடம்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கூச்சமாகவும் இருந்தது, மனசு நிறைந்தும் போனது. குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறதாம். பலாப்பழம் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (அவர் மனைவி தினமும் காலை டீயில் அவருக்குத் தெரியாமல், குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்துப் போடுகிறார். அதனால் நன்றாகவே போகிறது.)
- பெயர் வேண்டாம், சித்தூர் தாலுகா

பதில்: தங்கச்சி, கடைவீதிச் சங்கடத்துக்கு ஒரு வரி போதும். சேர்க்கும் அன்றே, "வெளியில் நானாக உங்களிடம் பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்" என்று சொல்லிவிடுங்கள். பலாப்பழத்தை மையத்துச் சமையலறையில் அறுத்து எல்லோருக்கும் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இனி, அடைப்புக்குறிக்குள் ஒளித்து எழுதிய அந்த டீ.

நான்கு வருடம் இந்த வேலை பார்த்தவருக்கு டைசல்ஃபிரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதா? அது குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்து இல்லை. சாராயம் உடம்பில் உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை மேற்கொண்டு கரையவிடாமல் தேக்கிவைக்கும், அவ்வளவுதான். குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். உயிரும் போகலாம். "மாத்திரை போட்டிருக்கிறோம், குடித்தால் தொலைந்தோம்" என்ற பயம்தான் அதில் சிகிச்சை. மாத்திரை போட்டதே தெரியாதவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்? அந்த எட்டு மாதமும் அவரே கட்டுப்படுத்திக் கொண்டது. நீங்களும் அவர் மனைவியும் அந்தப் பெருமையை டீத்தம்ளருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அவர் இருப்பது எந்த ஊரில்? கேரளத்துப் பக்கம் கள்ளுக்கடை. 1-ம் தேதி கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோ அடைத்திருந்தால் எல்லை தாண்டினதும் டாஸ்மாக். "கள்ளு குடிக் கணக்கில் வராது" என்று கூப்பிட ஆள் இருக்கிற ஊர். அதுகூட வேண்டாம், உடம்பு வலிக்கு வீட்டில் இருக்கிற தசமூலாரிஷ்டம் போதும், அதிலும் ஆல்கஹால் உண்டு. பேதி என்று போனால் டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதுவார். டைசல்ஃபிரத்தோடு அது சேர்ந்தால் புத்தி தடுமாறும். "வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று டாக்டர் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்பார் மனிதர். கல்லீரல் பரிசோதனையும் நடந்திருக்காது. ஆமாம், சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அந்த அம்மாவுக்கு எப்படிக் கிடைக்கிறது? உங்கள் மையத்துச் சீட்டு என்றால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அடி வாங்கி, தாலி வரை அடகு வைத்த பெண்களுக்கு இந்த யோசனையைச் சொல்லிக்கொடுக்க அக்கம்பக்கத்தில் யாராவது இருப்பார்கள். ஆனால் கட்டினவன் குடிக்கிற டீயில் கை வைத்து நடத்துகிற குடும்பத்தை நான் குடும்பம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் சம்பளம் வாங்குவது அவர் நம்பிக்கைக்காக. சிகிச்சை என்றால் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் கும்பிடு வாங்கியிருக்கிறீர்கள்.

இன்றைக்கே மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள் வரை அதன் வேலை உடம்பில் நிற்கும். அதனால் தாமதிக்காமல் அவருக்குச் சொல்லியாக வேண்டும். வீட்டில் வேண்டாம், கோபம் கை நீளும். சம்பள நாளும் வேண்டாம், சாயங்காலமும் வேண்டாம். காலையில் மையத்துக்கு வரச்சொல்லி, டாக்டரும் நீங்களும் கூட இருக்க, மனைவி தன் வாயால் சொல்லட்டும். "எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் கலந்தேன்" என்றால் போதும். டாக்டர் மருந்தைப் பற்றிச் சொல்வார். எட்டு மாதமும் அவருடைய சொந்த உழைப்பு என்பதை நீங்கள் சொல்லுங்கள். கத்துவார், எழுந்து போவார். அன்று ராத்திரி அவரோடு இருக்க அண்ணனோ மச்சானோ ஒருவரை முன்பே பேசி வையுங்கள்.

தெரிந்தே மாத்திரை வேண்டும் என்றால் அவரே கேட்கட்டும். கல்லீரல், இதயப் பரிசோதனை முடித்து டாக்டர் எழுதட்டும். வழக்கமாக நாளுக்கு 250 மில்லிகிராம். மனைவி எதிரில் அவர் கையால் விழுங்கட்டும், மருந்தின் பெயர் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும். நடுவில் குடித்து முகம் சிவந்து மூச்சு வாங்கினால் "தூங்கினா சரியாயிடும்" என்று படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

மையத்துக்கு வரும் அன்று காலை டீயை அவரே போட்டுக் குடிக்கட்டும்.