மேடையில மைண்ட் பிளாங்க் ஆகுதா? பார்ட்னரோட கடைசி வார்த்தையைப் பிடிங்க

கேள்வி: இம்ப்ரோவ் (ஸ்கிரிப்ட் இல்லாம மேடையிலயே உருவாக்கி நடிக்கற நாடகம்) குரூப்ல சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. வார்ம்அப் எல்லாம் நல்லா பண்றேன், சீன்னு வந்தா பார்ட்னர் ஏதாவது சொன்னதும் மூளை அப்படியே நின்னுடுது. என்ன பயிற்சி பண்ணலாம்?

பதில்: உங்களுக்கு ஐடியா வரலைங்கறது பிரச்சனையே இல்லைங்க, பார்ட்னர் பேசிட்டு இருக்கறப்பவே அடுத்து என்ன சொல்லி கைதட்டு வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சிடறீங்க, அதனால அவர் சொன்னதுல பாதி காதுலயே விழறதில்ல.

இதுக்கு அந்தாதி மாதிரி ஒரு கேம் இருக்கு. அவர் எந்த வார்த்தையில முடிக்கறாரோ அதே வார்த்தையில நீங்க ஆரம்பிக்கணும், அவ்ளோதான். தமிழ்ல இது பிரமாதமா வேலை செய்யும், ஏன்னா நம்ம மொழியில ஆமாவா இல்லையாங்கறதே பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசியில தான் தெரியும். "நான் அந்தக் கதவை..." வரைக்கும் கேட்டுட்டு நீங்க மனசுக்குள்ள பதில் ரெடி பண்ணி வச்சிருப்பீங்க, அவர் "பூட்டல"ன்னு முடிப்பாரு. "பூட்டலயா? அப்ப உள்ள இருந்தவன் எங்க?"ன்னு கேளுங்க, சீன் கிளம்பிடுச்சு. இதுல பெரிய புத்திசாலித்தனம் ஒண்ணும் இல்ல பாருங்க. தியேட்டர்ஸ்போர்ட்ஸ்ங்கற இம்ப்ரோவ் போட்டியை உருவாக்கின கீத் ஜான்ஸ்டனும் இதைத்தான் சொன்னாரு, வித்தியாசமா யோசிக்க முயற்சி பண்ணாம கண்ணு முன்னாடி தெரியறதைச் சொல்லுங்கன்னு.

அடுத்தது, நடிகர்களுக்கான பயிற்சி விளையாட்டுகளை உருவாக்கின வயோலா ஸ்போலினோட மிரர் கேம். எதிரெதிரா நின்னு ஒருத்தர் மெதுவா அசையணும், இன்னொருத்தர் கண்ணாடி மாதிரி அதையே செய்யணும், அப்புறம் மாத்திக்கங்க, கடைசியா யாருமே லீட் பண்ணாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஃபாலோ பண்ணணும். கையைப் பாக்காதீங்க, கண்ணைப் பாருங்க, கை ஓரத்துல தானா தெரியும்.

ஜிப் ஸாப் ஸோப் மாதிரி வார்ம்அப் கேம் எல்லாம் சுறுசுறுப்புக்கு நல்லது, ஆனா உங்க பிரச்சனைக்கு அது மட்டும் போதாது.

பார்ட்னர் சொன்னதை ஏத்துக்கிட்டு அதோட ஏதாவது சேர்க்கணும்ங்கற 'ஆமா, அப்புறம்' ரூலை நிறைய பேர் தப்பா புரிஞ்சிக்கறாங்க, எல்லாத்துக்கும் தலையாட்டணும்னு அர்த்தம் இல்லைங்க. பார்ட்னர் "டாக்டர், கால் வலிக்குது"ன்னா "நான் டாக்டரே இல்லையே"ன்னு சொன்னா சீன் படுத்துடும், ஆனா "பாக்க முடியாது, போன தடவை ஃபீஸே தரல"ன்னா கேரக்டர் மறுக்குது, நீங்க அவர் கொடுத்ததை ஏத்துக்கறீங்க.

இவ்ளோ பண்ணியும் மேடையில நின்னுட்டீங்கன்னா பதறி எதையாவது பேசாதீங்க. ரெண்டு செகண்ட் அமைதியா பார்ட்னரைப் பாத்துட்டு தெரியறதைச் சொல்லுங்க, "ஏன் உன் கை நடுங்குது?"