நத்தம் – திண்டுக்கல் நடை: பழனி பாதயாத்திரைக் கேள்வி பதில்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிற சாமிகள் கேட்டிருந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

முதல் தடவை வருகிறேன். நத்தத்திலிருந்து திண்டுக்கல் ஒரே நாளில் முடியுமா?

ஏறத்தாழ 37 கி.மீ. முடியும். ஆனால் சிங்கம்புணரி, சமுத்திராபட்டி என்று ஏற்கெனவே நடந்து களைத்த காலோடுதான் நத்தத்துக்கே வந்து சேருவீர்கள். அதனால் விடிவதற்குச் சற்று முன்னால் கிளம்புங்கள், வெயில் ஏறியதும் கோபால்பட்டிப் பக்கம் ஏதாவது பந்தலிலோ புளியமர நிழலிலோ காலை உயர்த்தி வைத்துப் படுத்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் எழுந்து சாணார்பட்டி வழியாக நடந்தால் போதும். முடியவில்லையா, நடுவிலேயே தங்குங்கள்.

இரவில் நடந்தால் குளுமையாக இருக்குமே?

இருக்கும். விபத்துகளும் அப்போதுதான் நடக்கின்றன. வண்டி எதிரே வருவது தெரியும்படி சாலையின் வலப்பக்கம் நடக்க வேண்டும், நம் ஆட்களோ இடப்பக்கமாகப் பேசிக்கொண்டே நான்கு பேர் அகலத்துக்குப் போகிறார்கள். ஒளிரும் பட்டையைப் பையில் ஒட்டிவிட்டு, ஈர வேட்டியைக் காயட்டும் என்று அதன் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். பட்டை இருந்து என்ன பயன்? கையில் ஒன்று, முதுகில் ஒன்று, மேலே எந்தத் துணியும் கூடாது. அசதியில் சாலையோரம் தலைசாய்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

பழனி மலைக்கு ஏற விஞ்ச் (இழுவை ரயில்) டிக்கெட் முன்பதிவு எப்படி?

தேவஸ்தானத்தில் கேளுங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு யானைப்பாதை சாய்வாக, சுலபமாக இருக்கும்.

கொப்புளம் வராமலிருக்க?

பந்தலுக்குப் பந்தல் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அப்படியே நடையைக் கட்டுகிறோம் பாருங்கள், பாதிக் கொப்புளம் அதில்தான் வருகிறது. ஊறிய தோல் சீக்கிரம் உரிந்துவிடும். கழுவினால் விரலிடுக்கு வரை துடைத்து, காய்ந்த பிறகு கிளம்புங்கள். குதிகால் ஓரம் சுரீரென்று சுட ஆரம்பிக்கும்போதே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும், அடுத்த ஊர் வரட்டும் என்று இருந்தால் அதற்குள் நீர் கோத்துவிடும். ஊசியால் குத்தாதீர்கள்.

செருப்புப் போட்டு நடந்தால் அது யாத்திரையே இல்லை என்கிறார் எங்கள் குருசாமி. சரியா?

இதற்கு ஆளாளுக்குப் பதில் எழுதிச் சண்டையே நடந்துவிட்டது. ஒருவர் “காவடி எடுக்கிற நகரத்தார் வெறுங்காலோடு போவதில்லையா” என்கிறார், இன்னொருவர் “முருகன் காலையா பார்க்கிறான்” என்கிறார். நான் வெறுங்காலோடு நடக்கிறவன், வேண்டுதலை மதிக்கிறவன். ஆனால் அந்தக் காலத்தில் நடந்தது மண்பாதையில். இன்று கால் வைப்பது தாரில், மதியம் அது கொதிக்கும், ஓரத்தில் இறங்கினால் ஜல்லியும் கண்ணாடிச் சில்லும். தைப்பூசத்தில் காலை வேளையாவது சமாளிக்கலாம், பங்குனி உத்திரத்துக்கு வருகிறவர்கள் பாடு இன்னும் கடினம். வேண்டிக்கொண்டவர் வெறுங்காலில் நடக்கட்டும், அதற்காகப் பக்கத்தில் செருப்போடு வருகிறவரைக் குறைவாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. திண்டுக்கல் தாண்டியதும் பல இடங்களில் யாத்திரிகர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள், அங்கே வெறுங்கால்காரர்களுக்கும் கொஞ்சம் நிம்மதி.

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு, வெறுங்காலில்தான் வருவேன் என்கிறார்.

விடாதீர்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தால் முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது, இரவில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். மெத்தென்ற செருப்பு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்களே அவர் உள்ளங்காலைப் பார்ப்பது, மாத்திரையும் சாப்பாடும் எப்படி என்று கிளம்புமுன்பே டாக்டரிடம் கேட்பது, இந்த மூன்றும் கட்டாயம். மேலே செருப்பைப் பற்றிச் சண்டை போட்ட அத்தனை பேரும் இதைப் படியுங்கள்.

இரவு நடை பாதுகாப்பா, அண்ணா?

சொல்லியாயிற்று. வலப்பக்கம், பட்டை, மேலே துணி கூடாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

தண்ணீர் சரியாகக் குடிக்காமல், வியர்த்து வடிகிற உடம்பில் வலி மாத்திரையை அடுக்கடுக்காகப் போட்டால் சிறுநீரகம் கெடும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். குடியுங்கள், எலுமிச்சைச் சாறும் உப்புப் போட்ட மோரும் பந்தல்களிலேயே கிடைக்கும். அதற்கும் அடங்காத வலி என்றால் அன்றைக்கு நடை வேண்டாம், வழியில் உள்ள மருத்துவ முகாமில் காட்டுங்கள்.

இரவில் குழுவாகப் போனால் பரவாயில்லையா?

குழுவாக இருந்தாலும் வலப்பக்கம், ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் வருகிறவர் கையில் டார்ச்.