மங்குஸ்தீனைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

பழக் காலம் பிறந்தால் பினாங்கின் பாலிக் புலாவ் சாலையில் கார்கள் வரிசைகட்டும். என் தபால் பெட்டியிலும் தோட்டத்து வாசனைதான்.

கே: ஐந்து வயது மகனைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போக ஆசை. "பழம் பறிப்பதில் என்ன படிப்பு?" என்கிறார் கணவர். (ஒரு தாய், ஜெலுத்தோங்)

ப: முதலில் கணவர் கையில் ஒரு மங்குஸ்தீனைக் கொடுங்கள். காம்புக்கு நேர் எதிரே, அடியில், பூப்போல ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. மகனிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்! "எத்தனை சுளை இருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வான். பத்துப் பழம் உடைத்தபின் ஒருநாள் பழத்தைத் திருப்பிப் பார்ப்பான். அந்தக் கணத்தைப் பறித்துக்கொள்ளும் பெற்றோர்தான் இங்கே அதிகம். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள். தோலின் கறை துவைத்தாலும் போகாது.

கே: மகள் பச்சை ரம்புத்தானையே பறித்துத் தள்ளுகிறாள். அதட்டலாமா? (பட்டர்வொர்த்)

ப: வேண்டாம். அதையும் ஒரு முற்றிய மாங்காயையும் சமையலறையில் அருகருகே வையுங்கள். மாங்காய் சில நாளில் பழுத்துவிடும். ரம்புத்தான் பறித்தபின் பழுக்காது, தோல்தான் கறுக்கும். அடுத்த முறை அவளே நிறம் பார்ப்பாள். மஞ்சளாகப் பழுக்கும் வகையும் உண்டு என்பதால், தோட்டக்காரரிடம் கேட்கவும் பழகட்டும்.

கே: டுரியான் மரத்தில் ஏற விடலாமா?

ப: கூடவே கூடாது. நம் ஊரில் டுரியானைப் பறிப்பதில்லை, தானே விழக் காத்திருக்கிறோம். மரத்தடியில் நிற்பதே ஆபத்து. வலை கட்டிய தோட்டத்திலும் தோட்டக்காரர் சொன்ன பிறகே உள்ளே போகலாம். காத்திருக்கும் நேரத்தில் ஒரு கதை சொல்லுங்கள்: டுரியான் பூ இரவில் மலரும், மகரந்தம் சுமப்பது வௌவால். என் பேத்தி அதன்பின் வௌவாலைக் கண்டு அலறுவதில்லை.

கே: எறும்பு, கொசு?

ப: கிளையில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு தெரிந்தால் அது முசுறு, வேறு மரத்துக்குப் போங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முழுக்கைச் சட்டை.

கே: ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருக்கிறோம். தோட்டத்துக்கு எங்கே போவது? (ஒரு பாட்டி)

ப: வெயில் படும் இடத்தில் தொட்டியில் லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை போன்றது) வையுங்கள், அம்மா. பிழிவதற்கு இதைப் பச்சையாகவே பறிக்கலாம், ரம்புத்தானுக்கு நேர்மாறு. இழுத்தால் தோல் கிழியும். பேரன் கையில் சின்னக் கத்தரிக்கோல் கொடுங்கள்.