பழைய குடும்பச் சமையல் நோட்டில் பெயரே புரியாத பொருள்கள் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தப் பெயரைத் தேடுவதற்கு முன்னால் முழுக் குறிப்பையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பக்கத்து வரிகளே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

என் பாட்டி ஏதோ பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து எழுதி வைத்த கேக் குறிப்பில் 'சாலரேட்டஸ் அரை டீஸ்பூன்' என்று இருந்தது. கேட்கலாம் என்றால் பாட்டி இல்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. ஏதோ வாசனைப் பொருள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தபோதுதான் அதற்கு மேலே 'புளித்த பால் ஒரு கப்' என்று இருப்பதைக் கவனித்தேன். பேக்கிங் பவுடரும் இல்லை, ஈஸ்டும் இல்லை. அப்படியானால் மாவை எது உப்ப வைக்கும்? புளிப்போடு சேர்ந்தால் நுரைக்கிற ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அளவும் ஒத்துப்போனது. ஒரு கப் புளித்த பாலுக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா என்பதுதான் இன்றைக்கும் கணக்கு. அப்புறம் தேடினால், அதேதான். லத்தீனில் 'காற்றேறிய உப்பு' என்று பொருளாம். 19ஆம் நூற்றாண்டில் முதலில் பொட்டாசியம் பைகார்பனேட்டுக்கு இருந்த பெயர், பிறகு சமையல் சோடாவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

புரியாத சொல்லைவிடப் புரிந்த மாதிரி இருக்கிற சொல்லிடம்தான் அதிக கவனம் வேண்டும். அதே நோட்டில் இருந்த 'ஸ்வீட் மில்க்' என்பதை இனிப்புச் சேர்த்த பால் என்று எடுத்துக்கொண்டு கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினேன். கேக் திகட்டியது, அடியும் கருகியது. புளிக்காத சாதாரணப் பாலைத்தான் அந்தக் காலத்தில் அப்படி எழுதினார்கள்.

'ஹார்ட்ஸ்ஹார்ன்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். பெயருக்குப் பொருள் மான்கொம்பு. ஒரு காலத்தில் கொம்பிலிருந்தே எடுத்தார்கள். உண்மையில் அது மாவை உப்ப வைக்கிற அமோனியம் கார்பனேட். சூடானதும் முழுக்க வாயுவாகிவிடும். அதனால் மெல்லிய, மொறுமொறுப்பான பிஸ்கட்டுக்குத்தான் சரி; தடிமனான கேக்கில் அமோனியா வாடை உள்ளேயே தங்கிவிடும். குறிப்பு எந்தப் பண்டத்துக்கு என்பதும் இப்படி ஒரு துப்புதான். 'ஓலியோ' என்றால் மார்ஜரின், அதாவது வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கிற கொழுப்பு. 'முட்டை அளவு வெண்ணெய்' என்றால் சுமார் கால் கப்.

ஊகித்ததைச் சரிபார்க்க அரை அளவில் செய்து பாருங்கள். சரியாக வந்தாலும் பழைய சொல்லை அடித்துவிடாதீர்கள். அது அவர்கள் கையெழுத்து. நாளைக்கு நம் ஊகம் தப்பு என்று தெரிந்தால் திரும்பிப் போக அந்த ஒரு சொல்தான் இருக்கும். நான் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன். சாலரேட்டஸ் பக்கத்தில் இப்போது 'சமையல் சோடா, அதே அளவு, நன்றாக உப்பியது' என்று இருக்கிறது.