இலங்கையில் பொலிஸ் சித்திரவதையைக் கண்ட சாட்சிகள் ஏன் பின்வாங்குகிறார்கள்? சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே?

சட்டம் இருப்பது உண்மைதான். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் தருவதற்கென்று 2015இல் ஒன்றை நிறைவேற்றினார்கள். அதன்படி சாட்சிகளைக் காப்பதற்குத் தனிப் பிரிவும் வந்தது. எங்கே வைத்தார்கள் என்கிறீர்கள்? பொலிஸ் திணைக்களத்துக்குள்ளேயே. பொலிஸ் அடித்ததைக் கண்டவன் பாதுகாப்புக் கேட்டுப் போக வேண்டிய இடமும் பொலிஸ்தான். கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்குத் திருகோணமலைக்குப் போக வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை, கடற்கரையில் கூடியிருந்த மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். கொண்டுவந்த குண்டு தங்கள் கையிலேயே வெடித்துச் செத்தார்கள் என்பதுதான் படைத்தரப்பு முதலில் சொன்ன கதை. இறந்தவர்களில் ஒருவர் ரஜீகர். அவருடைய தந்தை வைத்தியர் மனோகரன். படையினர் சுற்றி நிற்பதாக மகன் தொலைபேசியில் சொன்னதும் கடற்கரைக்கு ஓடினார். காந்தி சிலையடியில் அவரை மறித்துவிட்டார்கள். இளைஞர்கள் தமிழில் உதவி கேட்டுக் கதறியதும், விளக்குகள் அணைந்ததும், வெடிச்சத்தமும் அங்கே நின்றபடியே அவருக்குத் தெரிந்தது. பிணவறையில் மகனைப் பார்த்தபோது உடலில் சூட்டுக் காயங்கள். பிள்ளை புலி உறுப்பினர் என்று கையெழுத்துப் போட்டால் உடலைத் தருகிறோம் என்றார்களாம். அவர் போடவில்லை.

மரண விசாரணையில் துணிந்து சாட்சி சொன்னது அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு மிரட்டல் அழைப்புகள், வீட்டுக்குக் கல்லெறி. கடைசியில் குடும்பத்தோடு நாட்டை விட்டே போனார். 2008இல் இதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு வெளிநாட்டிலிருந்து காணொளி வழியாகத்தான் சாட்சியமளித்தார்.

குண்டு வெடித்த கதையை உடைத்தவர் இன்னொருவர். 'சுடர் ஒளி' பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். உடல்களை அவர் எடுத்த படங்களில் தலையில் சூடு பட்டது தெளிவாகத் தெரிந்தது. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2013இல் பொலிஸின் விசேட அதிரடிப் படையினர் 12 பேரும் பொலிஸார் ஒருவருமாக 13 பேரைக் கைது செய்து, சில மாதங்களில் பிணையில் விட்டார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று திருகோணமலை நீதவான் 13 பேரையும் விடுவித்தார். சாட்சியம் இல்லையாம்! ஒருவரைக் கொன்று, மற்றவர்களை நாட்டை விட்டு ஓட வைத்துவிட்டுச் சாட்சியத்துக்கு எங்கே போவது?

இது தமிழருக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். 2002இல் வத்தளைப் பொலிஸார் ஜெரார்ட் பெரேராவை ஆள்மாறாட்டத்தில் பிடித்து, சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கு அடித்தார்கள். உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பொலிஸாருக்கு எதிரான சித்திரவதை வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு இன்னும் சில நாட்களே இருந்தன. 2004 நவம்பரில் பஸ்ஸில் வைத்து அவரைச் சுட்டார்கள். சிங்களவர், உச்ச நீதிமன்றமே நம்பிய ஆள். அவருக்கே இந்தக் கதி.

ஆனால் எங்கள் பக்கத்தில் சுடவேண்டிய தேவைகூட இல்லை, பயங்கரவாதத் தடைச் சட்டம் போதும். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. பாதுகாப்பு அமைச்சர் கையெழுத்திட்டால் ஒருவரை மூன்று மாதத் தவணைகளில் 18 மாதம்வரை வழக்கில்லாமல் வைத்திருக்கலாம். 2022இல் திருத்தி அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். அந்தக் காலம் முடிந்தாலும் வீட்டுக்கு வரலாம் என்றில்லை, விளக்கமறியலில் வருடக்கணக்காகக் கிடந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிட மோசமானது 16ஆம் பிரிவு. சாதாரண வழக்கில் பொலிஸுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலுள்ளவரிடம் கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை அடி வாங்கியவரே நிரூபிக்க வேண்டும். நல்லரத்தினம் சிங்கராசாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் அவருடைய கைநாட்டு இருந்தது. அதை வைத்து 50 வருடத் தண்டனை கொடுத்தார்கள், மேன்முறையீட்டில் 35 ஆனது. அது அநீதியென்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொல்லியும் அவருக்குப் பலன் கிடைக்கவில்லை. 2022 திருத்தமும் 16ஆம் பிரிவில் கைவைக்கவில்லை.

கண்டதைச் சொல்ல நினைக்கிறவர் இதை யோசிக்காமல் இருப்பாரா? அவரையே உள்ளே போட்டால் அவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை, அவர் சொல்லாததில் மட்டும் கையெழுத்து இருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிப் போராட்டங்களில் முன்னால் நின்ற கிளிநொச்சி ஜெயக்குமாரியை 2014 மார்ச்சில் இதே சட்டத்தில் பிடித்து, அடுத்த மார்ச்சில்தான் பிணையில் விட்டார்கள். என்ன நடந்தது என்று விசாரிக்கப் போன மனித உரிமைச் செயற்பாட்டாளர் ருக்கி பெர்னாண்டோவையும் அருட்தந்தை பிரவீன் மகேசனையும் அதே கிழமை கைது செய்து இரண்டொரு நாள் வைத்திருந்தார்கள். ஊருக்கு அது போதுமான செய்தி.

நான் கொஞ்சக் காலம் வடக்கில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். சத்தியக்கடதாசி தட்டச்சு செய்வது என் வேலை. மகனை வீட்டில் வைத்தே அடித்து ஜீப்பில் ஏற்றினார்கள் என்று ஒரு அம்மா வருவார். யார் யார் கண்டது என்று கேட்டால் மூன்று நான்கு வீட்டுக்காரரின் பெயர் சொல்வார். அடுத்த கிழமை கையெழுத்துப் போட வரும்போது குரல் தாழும். "தம்பி, முன்வீட்டுப் பெடியன்ர பேரை வெட்டிவிடுங்கோ. அவைக்கும் பிள்ளை குட்டி இருக்கு." ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் தாயின் பெயர் மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் அந்த இடைக்கிழமையில் முன்வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருக்கும், முழுக்கச் சிங்களத்தில். பக்கத்துக் கடைக்காரரிடம் வாசிக்கக் கொடுத்தால், வாக்குமூலம் கொடுக்கக் கொழும்பு நாலாம் மாடிக்கு, அதாவது பொலிஸ் புலனாய்வுக்காரர் விசாரிக்கும் இடத்துக்கு, வரச் சொல்லியிருக்கிறது என்பார். யாரும் யாரையும் மிரட்டவில்லை, கடிதத்தில் அப்படி ஒரு சொல்லும் இருக்காது. அந்த முன்வீட்டுக்காரரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் இப்போது யாராவது என்னிடம் கேட்டால், அயலவர் சாட்சியை நம்பி வழக்கைக் கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். யார் பிடித்தது, எங்கே கொண்டுபோனது என்று எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள், ஆனாலும் கேட்ட தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயத்தில் அன்றைக்கே முறைப்பாடு போடுங்கள். காயம் ஆறுவதற்குள் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பச் சொல்லி நீதவானிடம் சட்டத்தரணி மூலம் கேளுங்கள். தடுப்பிடங்களுக்கு நீதவான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது, அதைச் சுட்டிக்காட்டியே கேட்கலாம். அயலவரின் பெயர் தேவைப்பட்டால், நீதிமன்றத்தில் கொடுக்கும் நாள்வரை அது சட்டத்தரணியின் கோப்புக்குள் மட்டும் இருக்கட்டும். முகநூலில் போடாதீர்கள்.