டிரோன் ஓட்டச் சான்றிதழ்: கேள்வி பதில்

கும்பகோணத்துக் கல்யாண போட்டோகிராபர்: சார், என் டிரோன் 249 கிராம்தான். முகூர்த்தத்தில் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டுமா?

வேண்டாம். 250 கிராம் வரை 'நானோ' வகை. காசு வாங்கிப் பறக்கவிட்டாலும் 2021 டிரோன் விதிகள் நானோவுக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் மேலே மாட்டுவதெல்லாம் எடையில் சேரும். விசிறிக்குக் காப்பு வளையம் போட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள், 250-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மைக்ரோ. அதைத் தொழிலுக்கு ஓட்டச் சான்றிதழ் கட்டாயம். பதிவு எண் நானோவுக்கும் உண்டு.

பிளஸ் டூ முடித்துவிட்டேன் சார், வயது 17. சேரலாமா?

18 ஆகட்டும் தம்பி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

பாஸ்போர்ட் இல்லாமல் முடியாதாமே?

பழைய கதை. 2023 திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் மாதிரி ஒன்று இருந்தால் சரி.

வகுப்புக்கே போகாமல் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

நம்பாதீர்கள். டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த மையத்தில் பயின்று தேறினால்தான் உண்டு. அரசுக் கட்டணம் 100 ரூபாய்தான், மற்றதெல்லாம் பயிற்சிச் செலவு. சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். குறுக்கு வழியில் வாங்கினாலும் களத்தில் மாட்டிக்கொள்வீர்கள். டிரோனின் மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடம் வலமாகிவிடும். இடப்பக்கம் போகட்டும் என்று ரிமோட்டின் குச்சியைத் தள்ளுவீர்கள், அது வலப்பக்கம் ஓடும். புதிதாக வருகிறவர் பதறி இன்னும் அழுத்துவார், டிரோன் வேலியில் போய் உட்காரும். அதனால்தான் முதலில் சிமுலேட்டரில், அதாவது கணினித் திரையில் ஓட்டிப் பழக, உட்கார வைக்கிறோம். அங்கே எத்தனை முறை விழுந்தாலும் விசிறி உடையாது.

தஞ்சாவூர் விவசாயி: மருந்தடிக்கும் டிரோனுக்குப் பயிற்சி முடித்துவிட்டேன். இனி எந்த வயலிலும் இறங்கலாமா ஐயா?

சான்றிதழ் உங்களுக்கு, இடத்துக்கு இல்லை. உங்கள் ஊரில் விமானப்படைத் தளம் இருக்கிறதே! அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் வயலைத் தேடுங்கள். வயல் பச்சை நிறத்தில் இருந்தால் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். மருந்தடிக்க அவ்வளவு உயரம் எதற்கு, அது வேறு. மஞ்சளுக்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். சிவப்பென்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட ஏற்றாதீர்கள். நிறம் திடீரென்று மாறுவதும் உண்டு. டேங்கில் மருந்து கலக்கும் முன் அன்று காலையே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கலந்த பிறகு பார்த்தால் மருந்து வீண்.