அந்தக் கரடுமுரடு ஏன்? (வாசகர் கேள்வி - பதில்)

ஹேசல் டிக்கன்ஸ், ஆலிஸ் ஜெரார்டு என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் சேர்ந்து பாடிய, அமெரிக்காவின் கிழக்கே இருக்கும் அப்பலாச்சிய மலைப்பகுதியின் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், கேள்விகளும் அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்குத்தான்.

கே: இவர்கள் அக்கா தங்கையா? குரல் அப்படிச் சேருகிறதே! (கோவை வாசகர்)

ரத்த உறவு எதுவும் இல்லை, பிறந்து வளர்ந்த இடங்களும் வேறு வேறு. ஹேசல் 1925-இல் மேற்கு வர்ஜீனியாவின் மெர்சர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த மலைப்பகுதியில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் எட்டாவது. அப்பா சுரங்கங்களுக்கு மரம் ஏற்றிப் போவார், சபையில் பிரசங்கமும் செய்வார். 1950களின் தொடக்கத்தில் ஹேசல் பிழைப்புத் தேடி பால்டிமோர் நகரத்துக்கு வந்து ஆலைகளில் வேலை பார்த்தார்.

ஆலிஸ் பிறந்தது 1934-இல், நாட்டின் மறுகோடியில் இருக்கும் சியாட்டிலில். வளர்ந்தது கலிபோர்னியாவில். ஓஹியோவில் கல்லூரியில் படிக்கும்போது பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் இந்தப் பாட்டுக்குள் வந்தார்.

ஹேசலின் சகோதரர் ஒருவர் காசநோய் மருத்துவமனையில் இருந்தார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் தரவில்லை என்று சொல்லி, ராணுவ சேவைக்குப் பதிலாக அதே மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் இசைக்கலைஞர் மைக் சீகர். அவர் மூலமாக டிக்கன்ஸ் குடும்பத்துக்கு அந்தப் பக்கத்து இசைக்காரர்களின் பழக்கம் கிடைத்தது. வீட்டுக் கூடங்களில் ராத்திரி வெகுநேரம் நடந்த அந்தப் பாட்டுக் கூட்டங்களில்தான் ஹேசலும் ஆலிசும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். முதல் இசைத்தட்டு 1965-இல் வந்தது.

கே: தப்பாக நினைக்க வேண்டாம். குரல் கரடுமுரடாக இருக்கிறது, சில இடங்களில் சுருதி விலகுவது போலவும் இருக்கிறது. இதில் என்ன அழகு? (திருநெல்வேலி வாசகி)

தப்பாக நினைக்கவே இல்லை, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஹேசலின் குடும்பம் ப்ரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. அந்தச் சபைகளில் வாத்தியமே கிடையாது. ஆர்கன், பியானோ, கிட்டார் எதற்கும் இடமில்லை. கையில் பாட்டுப் புத்தகம் இல்லாதவர்களும் படிக்கத் தெரியாதவர்களும் பாட வேண்டுமே, அதற்காகப் பழைய நாளில் ஒருவர் எழுந்து நின்று அடியெடுத்துக் கொடுப்பார், சபை அதை வாங்கி, இழுத்து, மெதுவாகப் பாடும். எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய இடத்தில் நெளித்து, வளைத்து, தனக்கு மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்தி மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். குரலைச் சீவிச் சிங்காரிக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே இல்லை, ஏனென்றால் அங்கே ரசிகர் என்று எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பியானோ இல்லாததால் அதன் கட்டைகளுக்குப் பணிந்து நிற்கவேண்டிய கட்டாயம் ஸ்வரங்களுக்கும் இல்லை. சுருதி விலகுவது போல உங்கள் காதுக்குப் பட்டது அந்த இடங்கள்தான்.

மறுபடி ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். ஆலிஸ் கீழே நின்று மெட்டைப் பிடித்துக்கொள்ள, ஹேசல் மேலே ஏறும் இடத்தைக் கவனியுங்கள். உயரத்துக்குப் போனால் குரலை மெலித்துக்கொள்வது பாடகர்களின் வழக்கம். ஹேசல் அதைச் செய்வதில்லை, நெஞ்சிலிருந்து அப்படியே தள்ளுகிறார், கொஞ்சம் மூக்கொலியோடு அது கூர்மையாக வந்து விழுகிறது. ஆலிஸ் அதை மழுப்பப் பார்ப்பதில்லை, தன் குரலின் விளிம்பையும் அப்படியே வைத்துக்கொள்கிறார். இரண்டும் கரைந்து ஒன்றாவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எனக்கு இதுதான் அழகு. மெருகேற்றியிருந்தால் இந்தப் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம்.

கே: இந்த இசையில் வரும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் அமெரிக்காவுடையதுதானே? (திருச்சி வாசகர்)

அதன் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோலைப் போர்த்தி, கழுத்து வைத்து, நரம்பு கட்டி வாசித்தார்கள். செனகல், காம்பியா பகுதியில் இன்றும் வாசிக்கப்படும் அகோன்டிங் அதற்கு நெருங்கிய சொந்தம். மலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஃபிடிலை, அதாவது வயலினைக் கொண்டுவந்தார்கள், பாஞ்சோ கறுப்பின மக்கள் தந்தது, இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஓல்ட்-டைம் என்று சொல்லப்படும் இந்தப் பழைய மலை இசை. அதை வெள்ளையரின் இசை என்று மட்டும் சொல்வது பாதி வரலாறு.

வாசிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். வலது கையை நண்டு மாதிரி மடக்கிக்கொண்டு, விரல் நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டுவார்கள். ஐந்தாவது தந்தி குட்டை, அதன் முளை கழுத்தின் பாதியிலேயே இருக்கும். தட்டின கையோடு கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியில் போய் உட்கார்ந்து, எழும்போது அதைச் சுண்டிவிடும். மெட்டு எங்கே போனாலும் அந்த ஒரு ஸ்வரம் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டே இருக்கும்.

கே: ப்ளூகிராஸ் என்பதும் இதுவும் ஒன்றா? (சேலம் வாசகர்)

ப்ளூகிராஸ் என்ற இசைவகை இந்த ஓல்ட்-டைமின் பிள்ளை. 1945-இல் பில் மன்றோவின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்து மூன்று விரலால் வேகமாகப் பாஞ்சோ வாசித்த பிறகு அது தனி உருவம் எடுத்தது. அதில் ஒவ்வொரு வாத்தியமும் முறை வைத்துத் தனியாக முன்னால் வரும், ஓல்ட்-டைமில் எல்லோரும் சேர்ந்தே போவார்கள். ஹேசலும் ஆலிசும் இரண்டையும் பாடினார்கள். ஆண்கள் மட்டுமே முன்னால் நின்ற அந்த மேடையில் இரண்டு பெண்கள் குழுவை நடத்திப் பாடியது அன்று அபூர்வம்.

கே: சபையில் பக்திப் பாட்டு கேட்டு வளர்ந்த ஹேசல் தொழிற்சங்கப் பாட்டுக்கு எப்படிப் போனார்? (மதுரை வாசகி)

அவர் வேறெங்கும் போனதாக எனக்குத் தோன்றவில்லை. சபையில் சாவைப் பற்றிப் பாடிய அதே குரலில்தான் சுரங்கச் சாவைப் பற்றியும் பாடினார். அவருடைய அண்ணன் தர்மன் சுரங்கத் தொழிலாளி. கரித்தூள் மூச்சுப்பையில் படிந்து படிந்து வரும் கருநுரையீரல் நோயில், கையில் காசில்லாமல் செத்துப்போனார். அதைப் பற்றி ஹேசல் எழுதிய பாட்டில் வாத்தியத்துக்கு வேலையே இல்லை, வெறும் குரல்தான். சபையில் பாடினபடியேதான் அதையும் பாடுகிறார், ஆறுதல் சொல்ல மட்டும் அதில் யாரும் வருவதில்லை.

1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டனில் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்ததைப் பற்றியும் பாட்டு எழுதினார். 1966-க்குப் பிறகு, கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையினக் கலைஞர்களும் ஒரே மேடையில் பாடித் தென்மாநிலங்களைச் சுற்றிவந்த இசைப்பயணங்களில் இருவரும் கலந்துகொண்டார்கள். நிறவெறி கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது, அப்படிப் போய் நிற்க நெஞ்சுரம் வேண்டும். கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி 1976-இல் வந்து ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் ஒலிப்பது ஹேசலின் குரல்.

கே: ஆலிஸ் வெளியாள்தானே? அடுத்தவர் பாட்டை எடுத்துக்கொண்டார் என்று யாரும் சொல்லவில்லையா? (சென்னை வாசகர்)

நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், 1976-இல் இருவரும் பிரிந்த பிறகு ஆலிஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். 1980களில் வர்ஜீனியாவின் கேலக்ஸ் பக்கம் குடிபோனார். வட கரோலினாவின் டாமி ஜாரல் போன்ற வயதான ஃபிடில்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார், ஜாரலைப் பற்றிய ஆவணப்படத்திலும் பங்கெடுத்தார். 1987-இல் இந்த இசைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். பாட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் இத்தனை வருஷம் கிழவர்களின் காலடியில் உட்காரமாட்டார்.

கே: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? (ஈரோடு வாசகி)

1973-இல் இருவர் பெயரையும் தலைப்பாக வைத்து வந்த ஆல்பம். அதில் இருவர் எழுதிய பாட்டும் உண்டு, சிறையிலிருக்கும் மகனைப் பார்க்க வரும் தாயைப் பற்றிய பழைய பாட்டும் உண்டு. வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். கடைசியாக, அதே ஆல்பத்தில் ஒரு பறவையைப் பறந்து போகச் சொல்லி ஹேசல் வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடுவதைக் கேளுங்கள். ஹேசல் 2011 ஏப்ரலில் இறந்துவிட்டார். அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது.